தங்கவயலும் கைரேகைப் பதிவேடும்

மனிதன் தன்னைப் பற்றி அறிந்திருப்பதைக் காட்டிலும் மிகுதியாக அவனைப் பற்றி அறிந்துவிட்ட யந்திரம் ஒன்று, அவன் முகத்தையும் குரலையும் நடையையும் மறவாமல் வைத்துக்கொண்டு, எங்கே சென்று ஒளிந்தாலும் தொடர்ந்து வந்து பிடித்துவிடும் என்ற கற்பனை இக்காலத்து இளைஞர்களின் உள்ளத்தைப் பெரிதும் ஆட்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று நாம் பெயரிட்டு அழைக்கும் அந்த வித்தையைப் பிசாசின் ஸ்தானத்தில் வைத்து, சித்திரமும் வசனமும் ஓசையும் கலந்த சிறு சிறு கணினிக் கதைகளை அவர்கள் இயற்றுகிறார்கள்; இரவில் தனியே அமர்ந்து அவற்றைப் படித்து நடுங்கவும் செய்கிறார்கள். தமிழுக்கு இந்தப் பீதி புதிதன்று. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதையில், இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லாத பிரஜைகளையும், பிள்ளை பெறுவதற்கும் சர்க்காரின் அனுமதியை எதிர்நோக்கி நிற்கும் தம்பதிகளையும், அவர்களுக்கு நடுவே ஜீனோ என்ற யந்திர நாயையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வாசகர்கள் கண்டுவிட்டார்கள்.

ஆயினும் அந்தக் கதை பிறந்த பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், கோலார் தங்கவயலில், கதையாக அன்றி உண்மையாகவே, மனிதனை அடையாளம் கண்டு மறவாத ஒரு கருவியின் முன்னால் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் வந்து நிற்க நேர்ந்ததும், அதன் முன் கையை நீட்டமாட்டோம் என்று அவர்கள் வேலையை விட்டு வெளியேறியதும் 1930-ஆம் ஆண்டில் நடந்த விஷயங்கள். கைரேகைப் பதிவுக்கு எதிரான அந்தப் போராட்டத்தைத் தங்கவயலின் சரித்திரத்தைப் பேசுகிறவர்கள் ஓரிரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தங்கத்தின் எடையும் சுரங்கத்தின் ஆழமும் துரைமார்களின் பங்களாக்களும் பெறும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் அதற்குக் கிடைக்கவில்லை. யந்திரங்களைப் பற்றி நாம் இன்று அஞ்சுகின்ற அச்சத்தின் உண்மையான உருவத்தை அறிய விரும்புவோர் அந்தப் போராட்டம் நீடித்த மூன்று வாரங்களைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்கே வேலை செய்தவர்கள் யந்திரம் என்றால் மிரள்கின்ற ஜனங்கள் அல்லர் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் மைசூர் சமஸ்தானத்தின் இந்த வறண்ட மூலையில் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்னும் வளமான தங்கப் படுகையைக் கண்டறிந்த நாள் முதலாக, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த ஆதிதிராவிட மக்களே பாறையைக் குடைந்தார்கள். நிலமில்லாமையும் பஞ்சமும் பண்ணையார்களின் கொடுமையும் ஊரில் துரத்த, மாதச் சம்பளம் என்ற ஒன்றை நம்பி மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் மூங்கில் தட்டியால் கட்டிய ‘லைன்’ வீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். காவேரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-இல் மின்சாரம் முதன்முதலாக வந்து சேர்ந்தது தங்கவயலுக்கே; பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல். ஆதலால், சமஸ்தானத்தின் தலைநகரங்களில் வாழ்ந்த கனவான்கள் மின்சாரத்தைக் காண்பதற்கு முன்பே இந்தத் தொழிலாளர்கள் அதன் பயனையும் அபாயத்தையும் அறிந்திருந்தார்கள். இரும்புக் கூண்டில் நெருக்கமாக நின்று, வயிறு தொண்டைக்கு ஏறும் வேகத்தில் பாதாளத்துக்கு இறங்குவதும், காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவியை மார்போடு அணைத்துப் பாறையில் செலுத்துவதும் அவர்களுக்கு அன்றாடக் காரியங்கள். முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பாறையே தன் பாரம் தாங்காமல் வெடித்துச் சிதறுகின்ற, ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அவர்கள் அழைத்த கொடிய நிகழ்ச்சியை எண்ணியபடியே அவர்களுடைய பெண்டிர் மேலே லைனில் சோறு வடித்தார்கள். இத்தகைய மனிதர்கள் ஒரு மைத்தட்டைக் கண்டு அஞ்சினார்கள் என்றால், அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

கம்பெனியாருக்கும் ஓர் அச்சம் இருந்தது. வெண்கல்லை உலக்கை யந்திரங்களில் இடித்து மாவாக்கி, நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டால், தங்கத் துகள்கள் பாதரசத்தோடு கூடி அத்தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சுரண்டி எடுத்து, உலையில் ஏற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிவிட்டால், தேன்கூட்டைப் போன்று துளை துளையாக ஒரு தங்கக் கட்டி எஞ்சி நிற்கும். பாறையாக இருக்கும்போது வண்டி வண்டியாகச் சுமந்தாலும் சொற்பமான விலை பெறுகின்ற பொருள், தகட்டின் மீது படிந்த கணம் முதலாக, விரல் நகத்தின் இடுக்கில் மறைத்தாலும் ஒரு மாதக் கூலிக்கு ஈடாகிவிடுகிறது. சுரங்கத்திலும், தங்க நரம்பு தடித்த சில இடங்களில், கண்ணுக்குத் தெரியும்படியாகவே தங்கம் மின்னுவதுண்டு. நாளொன்றுக்குச் சில அணாக்கள் பெறும் மனிதன் பல லட்சம் பவுன் மதிப்புள்ள பொருளைக் கையால் தொட்டுக்கொண்டே நாள் முழுவதும் உழைக்கின்றான் என்ற நிலைமையிலிருந்தே கம்பெனியாரின் சந்தேகம் பிறந்தது. அந்தச் சந்தேகத்துக்குச் சமஸ்தானம் சட்ட வடிவமும் கொடுத்தது. 1897-இல் இயற்றப்பட்ட மைசூர் சுரங்கச் சட்டம் முதலாக வந்த விதிகள், சுரங்கப் பொருளைக் கணக்குச் சொல்ல இயலாமல் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கின. திருடினான் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டியதில்லை. திருடவில்லை என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். வாயில்தோறும் சோதனை, வாட்ச் அண்டு வார்டு காவலர், இரவில் லைன்களில் புகுந்து நடத்தும் தேடல் ஆகிய இவையெல்லாம் அந்த மண்ணில் வாழ்க்கையின் பகுதிகளாகிவிட்டன.

இவ்வளவு காவலுக்கும் அகப்படாத ஒரு சுதந்திரம் தொழிலாளிக்கு மிச்சம் இருந்தது. மேஸ்திரியோடு சண்டையிட்டு மைசூர் மைனிலிருந்து நீக்கப்பட்டவன், வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு நந்திதுர்க்கம் மைனில் சென்று சேர்ந்துவிடலாம். முனியன் என்றும் சின்னப்பன் என்றும் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர் இருந்த இடத்தில், பெயரைக் கொண்டு மனிதனைப் பிடிப்பது எழுத்தர்களுக்கு இயலாத காரியம். அறுவடைக் காலத்தில் ஊருக்குப் போய், மனம் வந்தபோது திரும்பி வருகின்றவனையும் பதிவேடு எதுவும் தடுத்து நிறுத்தவில்லை. கடன்காரனிடமிருந்தும் கண்காணியிடமிருந்தும் ஏழைக்கு இருந்த ஒரே மறைவிடம் அதுதான். அதை அடைத்துவிடும் சாதனமாகவே கைரேகை வந்தது.

கைரேகையின் பூர்வோத்தரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அது நம் தேசத்தில் பிறந்த வித்தை. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடும் கல்லுக்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அவருடைய உள்ளங்கையில் மையைப் பூசி அந்தப் பத்திரத்தின் மேல் பதியச் செய்தார். கையெழுத்தைப் பின்னால் மறுக்கலாம் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றாதபடி மிரட்டி வைப்பதற்காகவே அவ்வாறு செய்ததாக ஹெர்ஷலே முதுமையில் எழுதியிருக்கிறார். ஆக, இந்தியன் ஒருவனுடைய கையில் முதன்முதலாக அந்த மை பட்டபோதே அதன் நோக்கம் பயமுறுத்துவதாக இருந்தது. ரேகையைப் பதிவது எளிது. லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுப்பதே கடினம். அதற்கு வழி கண்டவர்கள் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற போலீஸ் தலைவரின் கீழ்ப் பணியாற்றிய அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, இருப்பின் இன்ன எண், இல்லையேல் பூஜ்யம் என்று கூட்டிப் பார்த்தால், மனித ஜாதி முழுவதையும் 1,024 அறைகளுக்குள் பங்கிட்டுவிடலாம் என்று ஹக்கின் கணிதம் காட்டியது. அகலத்தில் 32-ம் உயரத்தில் 32-மாக அறைகள் கொண்ட அலமாரி ஒன்று கண்முன் எழுகிறது. உலகத்தின் முதல் கைரேகை நிலையம் 1897-இல் கல்கத்தாவில் தோன்றியது. லண்டன் மாநகரின் ஸ்காட்லாந்து யார்டு அதைப் பின்பற்றியது 1901-இல்தான். புகழ் ஹென்றிக்குப் போயிற்று. கணக்குப் போட்டவர்களுக்குப் பட்டமும் சிறிது பணமும் பின்னாட்களில் வந்தன.

உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளைப் பத்து முறை அடுக்கினால் கிடைக்கும் அந்த 1,024 என்ற எண்ணைக் கணினி பயின்றவர்கள் நன்கு அறிவார்கள். இன்று நம் முகத்தைப் பார்த்து நம்மை இன்னார் என்று சொல்லும் யந்திரங்களும் அடிப்படையில் அதே வழியில், உடலை எண்ணாக்கி, எண்ணை அடுக்கி, அடுக்கில் தேடியே தம் காரியத்தைச் செய்கின்றன. மின்சாரமும் கம்பியும் இல்லாமல், மரப்பலகையால் ஆன அலமாரியும் சில எழுத்தர்களும் மட்டுமே கொண்டு, மனிதனை அவனுடைய சொல்லின் துணையின்றியே அடையாளம் காணும் யந்திரத்தைக் கல்கத்தா அமைத்துவிட்டது.

அது அங்கிருந்து தங்கம் விளையும் மற்றொரு பூமிக்குச் சென்றது. 1900-இல் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் போலீஸ் படையை அமைத்தபோது கைரேகை முறையையும் கையோடு கொண்டுசென்றார். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர் யாவரும் தங்கள் விரல்களைப் பதிந்து பத்திரம் பெற வேண்டும் என்ற உத்தரவு எழுந்தபோது, 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சபையில் காந்தியடிகள் பிரதிக்ஞை செய்வித்த வரலாற்றை எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் தம்பி நாயுடுவை மட்டுமேனும் தமிழர்கள் மறவாதிருத்தல் வேண்டும். 1908-இல், சமரசத்தை ஏற்றுத் தாமாகவே ரேகை கொடுக்கச் சென்ற காந்தியடிகளை மீர் ஆலம் என்பவர் வழிமறித்துத் தாக்கியபோது, குறுக்கே பாய்ந்து அடிகளைத் தம் உடம்பில் தாங்கிக்கொண்டவர் அவர். அந்தச் சமரசம் முறிந்ததும், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான பதிவுப் பத்திரங்கள் ஹமீதியா மசூதியின் முன்னால் ஒரு பெரிய கொப்பரையில் போட்டுக் கொளுத்தப்பட்டன. சத்தியாக்கிரகம் என்னும் ஆயுதம் உருவாவதற்குக் காரணமாயிருந்த பகைப்பொருள்களில் ஒன்று கைரேகைப் பதிவேடு என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

தமிழ்நாட்டில் இதே மை இரத்தத்தோடு கலந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஏடுகளில் எழுதப்பட்டதைக் கிராமத்து ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ஒரு ஜாதியில் பிறந்ததே போதும், கையை நீட்ட வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். அயலூர் செல்ல அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் இதற்கு உடன்பட மறுத்தபோது, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். ஆக, 1930-ஐ நாம் அணுகும்போது, கைரேகை என்ற சொல்லுக்குத் தமிழ் பேசும் ஏழை ஜனங்களின் காதில் ஒலித்த பொருள் ஒன்றே ஒன்று: சர்க்கார் உன்னைத் திருடன் என்று தீர்மானித்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் தங்கவயல் கம்பெனியார் தொழிலாளர் அனைவரையும் கைரேகை வாங்கிப் பதிவு செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காரியம் எப்படி நடைபெறும் என்பதை மனக்கண்ணால் சற்று அருகே சென்று பார்த்தால் அதன் தன்மை விளங்கும். ஒரு தகட்டின் மீது அச்சு மையைக் கொட்டி உருளையால் மெல்லியதாகப் பரப்பியிருப்பார்கள். எழுத்தர் தொழிலாளியின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக எடுத்து, நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை மையில் உருட்டி, பின்னர் காகிதத்தில் கட்டமிட்ட இடத்தில் அவ்விதமே உருட்டுவார். கை தொழிலாளியினுடையதாயினும் அதை அசைப்பவர் மற்றொருவர். தானாக அழுத்தினால் ரேகை கலைந்துவிடும் ஆகையால், கையைத் தளர்த்தி அவர் வசம் விட்டுவிட வேண்டும் என்பது அந்த முறையின் விதி. கையெழுத்து இடுபவன் தான் எழுதுவதை அறிந்து எழுதுகிறான். எழுதாமல் இருக்கவும் அவனால் முடியும். ரேகையில் அவனுடைய சம்மதத்துக்கு இடமே இல்லை. துளைக்கருவியால் தேய்ந்து காய்ப்பேறிய அந்த விரல்களிலிருந்து அவனுக்குத் தெரியாத ஒரு செய்தியை, அவனால் படிக்க முடியாத லிபியில், வேறொருவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். சுரங்கங்கள் எல்லாவற்றிலும் வேலை நின்றது. சட்டம் அங்கீகரித்த தொழிற்சங்கம் எதுவும் இல்லாத காலம் அது. மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு இன்னும் பத்தாண்டு சென்றது. மேடையில் நின்று கட்டளையிடும் பிரசித்தி பெற்ற தலைவர் எவரும் இல்லாமலே, லைனுக்கு லைன் சொல் பரவி, ஏறக்குறைய மூன்று வாரம் அந்த மாபெரும் தொழில் ஸ்தாபனத்தை அவர்கள் அசையாமல் நிறுத்திவைத்தார்கள். தினக்கூலியில் வாழும் குடும்பங்களுக்கு மூன்று வாரம் என்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீண்டும் கூண்டுகள் இறங்கத் தொடங்கியபோது, தாங்கள் நினைத்தபடியெல்லாம் அத்திட்டத்தை நடத்திவிட முடியாது என்பதைக் கம்பெனியார் உணர்ந்திருந்தார்கள்.

இது திடீரென்று எழுந்த கலவரம் என்று எண்ணுவது தவறு. அந்த லைன்களில் அறிவும் சுயமரியாதையும் வளர்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் இருந்தன. பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவர் காலத்துக்குப் பிறகு நின்றுபோய், 1926-இல் தங்கவயலிலேயே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடியும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பகல் முழுவதும் பாதாளத்தில் உழைத்து மேலே வந்தவர்கள் மாலையில் கூடி, ஜாதி என்பது எங்கிருந்து வந்தது, பிறப்பினால் ஒருவன் எப்படித் தாழ்ந்தவன் ஆவான் என்று விவாதம் செய்த ஊர் அது. பிறப்பைக் கொண்டு மனிதனுக்கு இழிவை நிர்ணயிக்கும் ஒரு பழைய பதிவேட்டை எதிர்த்து நெஞ்சைப் பழக்கிக்கொண்டவர்களிடம், விரலைக் கொண்டு சந்தேகத்தை நிர்ணயிக்கும் ஒரு புதிய பதிவேடு வந்து நின்றது. அவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம் காலத்துத் திகில் கதைகளில் யந்திரமே தீய எண்ணம் கொள்கிறது. அதற்கு ஒரு குரல் உண்டு, சூழ்ச்சி உண்டு, மனிதன்மேல் காரணமில்லாத பகை உண்டு. தங்கவயல் தொழிலாளர்கள் அஞ்சியது அத்தகைய யந்திரத்தை அன்று. மைத்தட்டுக்கு எண்ணம் இல்லை, அலமாரிக்குப் பகை இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள். அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த நாளில் எந்த அறையைத் திறந்து எவனை வேலையிலிருந்து தள்ளுவார்கள், தள்ளப்பட்டவன் தன் பக்கத்து நியாயத்தை யாரிடம் சென்று சொல்வான் என்பவையே அவர்களுடைய கேள்விகள். கதை எழுதுவோர் யந்திரத்தின் உள்ளே பிசாசைத் தேடும்போது, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவர் கதையை விட்டே வெளியேறிவிடுகிறார். அவரைக் கதைக்குள் இழுத்து நிறுத்தியது 1930-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம். அதனாலேயே அதை நான் நம் காலத்துக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சியாகக் கருதுகிறேன்.

கைரேகையோடு நெருங்கிய உறவுடைய மற்றொரு வழக்கமும் தங்கவயலில் இருந்தது: எண் குறித்த பட்டை ஒன்றை மணிக்கட்டில் அணிந்துகொண்டு சுரங்கத்தில் இறங்குவது. கால்நடைக்குச் சூடு போடுவதற்கும் இதற்கும் பேதம் என்ன என்ற மனக்கசப்பை அது தொழிலாளரிடையே வளர்த்தது. அந்தப் பட்டை மறைந்துபோன பழங்கதை என்று நாம் நிம்மதி அடைவதற்கில்லை. நாகபுரியிலும் பஞ்ச்குலாவிலும் சண்டிகரிலும் நகரத்தைப் பெருக்கும் சுகாதாரத் தொழிலாளர்களின் மணிக்கட்டில், அவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்பதை விண்கோளின் துணையால் கணந்தோறும் அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடிகாரங்களை இந்த நூற்றாண்டில் கட்டினார்கள். அந்தக் கடிகாரம் தங்கள் பேச்சைக் கேட்கிறதோ, குளியலறையிலும் தங்களைப் பார்க்கிறதோ என்று பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். மகாத்மா காந்தி பெயரால் நடைபெற்ற ஊரக வேலைத் திட்டத்தில், வேலை செய்யும் இடத்தில் நிற்கும்படி தொழிலாளரைப் படம் எடுத்து அலைபேசி வழியே அனுப்பினால்தான் அன்றைய வருகை கணக்கில் ஏறியது. ரேஷன் கடைகளில், உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த முதியவர்களின் விரலைக் கருவி ஏற்க மறுப்பதை நம்மில் பலரும் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆதார் எண் வழக்கில் முதல் மனுவைக் கொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அந்த வழக்கிலே அந்தரங்கம் என்பது பிரஜையின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி தீர்ப்பளித்தது. நீதிமன்றங்களின் பாஷையில் அந்த உரிமைக்குப் பெயர் கிடைப்பதற்கு 87 ஆண்டுகள் முன்னரே, அதே மாநிலத்தின் ஒரு மூலையில், பெயரிடாமலே அதைக் காத்து நின்றவர்களும் உண்டு.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டன. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காவலராகவும் தொழிற்சாலைச் சிப்பந்திகளாகவும் அலுவலக உதவியாளராகவும் அவர்கள் பணிபுரியும் இடங்களில் விரலையோ முகத்தையோ காட்டாமல் நுழைய முடிவதில்லை. யந்திரத்தை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய பாட்டன்மாரும் அப்படிச் சொன்னதில்லை. எந்த யந்திரம் முதலில் வர வேண்டும் என்பதில்தான் பேதம் இருந்தது. 1930-இல் தொழிலாளியின் விரலைப் படிப்பதற்கு ஆயத்தமாக வந்த நிர்வாகம், அவனுடைய நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அப்போது பார்க்கவில்லை. வெண்கல்லைத் துளைக்கும்போது எழுகின்ற நுண்ணிய தூசி மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல அதை நார்போல் இறுக்கிவிடும் சிலிகோசிஸ் என்ற நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தங்கவயலில்தான், அது 1934-இல். அந்த நோய்க்காக நஷ்டஈட்டு விதிகளை மைசூர் சர்க்கார் வகுத்தது 1940-இல். அதன் பின்னரே மார்பைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே யந்திரத்தின் முன்னால் தொழிலாளர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அதற்கு எதிராக எவரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. 1940 முதல் 1946 வரையில் 7,653 பேரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 43.7 பேருக்கு அந்த நோய் பிடித்திருந்தது. தூசியை விட்டு விலகிய பின்னரும் அது வளர்ந்துகொண்டே போகும். அதைத் தீர்க்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.